வரகுண மகாராசன்: அரைசூர்ப் பாசறையும் இளங்கோக்குடிக் காசும்

தாமிரபரணியின் வடகரையில், பொதியமலைச் சாரலுக்கு அணித்தாக அமைந்த அம்பாசமுத்திரம் நெல்லால் பெயர் பெற்ற ஊர். அவ்வூர் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 என்னும் நெல்லை வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளில் வாழும் நம் உழவர் குடும்பங்களும் அறியும். ஆயின், அவ்வூருக்கும் நம் பகுதிக்கும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நேர்ந்த வேறொரு தொடர்பை அறிந்தோர் சிலரே. அத்தொடர்பு போரால் நேர்ந்தது.

அம்பாசமுத்திரத்தின் பழம்பெயர் இளங்கோக்குடி. முள்ளிநாட்டில் அடங்கிய பிரமதேய ஊர் அது. அங்குள்ள எரிச்சாவுடையார் கோயிலில் வட்டெழுத்தில் பொறித்த கல்வெட்டு ஒன்று கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டறிஞர் வெங்கையா அதனை ஆராய்ந்து அச்சேற்றினார். வரகுண மகாராசன் தன் 16ஆம் ஆட்சியாண்டில், தொண்டைநாட்டில் பெண்ணையாற்றின் கரையிலுள்ள அரைசூரில் தங்கியிருந்தபோது, இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு ஒப்படைத்தான் என்பது அதன் செய்தி. காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டு கலம் நெல் பொலிசை, அதாவது வட்டி. முதலைத் தொடுதல் ஆகாது. பொலிசையாக வரும் 580 கலம் நெல்லைக் கொண்டு அவ்வூர்ச் சிவன் கோயிலில் அமுதும், நெய்யும், தயிரும், வாழைப்பழமும், சர்க்கரையும், காய்கறியும், வெற்றிலை பாக்கும் தவறாது நடத்தப்பெறல் வேண்டும்.

பெண்ணையாறு எங்கே, தாமிரபரணி எங்கே? இடைப்பட்ட தொலைவு 400 கிலோமீட்டருக்கும் மிகுதி. அரைசூர் மன்னனின் தலைநகரும் அன்று; அவன் குலதெய்வம் உறையும் பதியும் அன்று. பகைவனது நாட்டெல்லையில் அமைந்த படைவீடு. யானையும் குதிரையும் காலாளும் சூழ்ந்த பாசறையில் அமர்ந்தபடி, தெற்கே தொலைவில் உள்ள ஓர் ஆற்றங்கரை ஊரின் நெல் வட்டியைக் கணக்கிட்ட மன்னன் யாவன்? அவன் ஏன் அத்துணைத் தொலைவு வந்தான்? அந்தக் காசு எங்கிருந்து வந்தது? இவற்றை ஆராயப் புகுந்தால் அவனது வாழ்வு மட்டுமன்றி, நாடுகள் போரிடுவதன் காரணமும் ஓரளவு விளங்கும்.

வரகுணன் என்னும் பெயருடைய பாண்டியர் இருவர், பாட்டனும் பேரனும். இக்கல்வெட்டைப் பேரனுக்கு உரியதாகக் கொள்வாரும் உளர். பெண்ணைக் கரை வரை படை நடத்தும் வலிமை பாட்டன் காலத்துப் பாண்டிய நாட்டுக்கே பொருந்துவதால், பாட்டனுக்கு உரியது என்பார் கூற்றையே நாம் மேற்கொள்கிறோம்.

குடியும் அரியணையும்

பாட்டன் வரகுணனுக்குச் சடில பராந்தகன், நெடுஞ்சடையன், மாறஞ்சடையன் என்னும் பெயர்களும் உண்டு. களப்பிரரிடமிருந்து பாண்டிய நாட்டை மீட்ட கடுங்கோன் வழியில் வந்தவன், இராசசிம்மன் மகன். கி.பி. 765ஐ ஒட்டி அரியணை ஏறி 815 வரை ஆண்டான் என்பது பலர் ஒப்பிய கணக்கு. 768இல் தொடங்குவாரும் உண்டு. எவ்வாறு கொள்ளினும் அரை நூற்றாண்டுக்கு அணித்தான ஆட்சி. மேலைநாட்டில் சார்லிமேன் என்னும் பேரரசன் 768 முதல் 814 வரை ஆண்டான். இருவரும் ஒரே காலத்தில் உலகின் இரு கோடிகளில் ஏறத்தாழ ஒரே தொழிலைச் செய்துகொண்டிருந்தனர் எனலாம்.

அவனுடைய தந்தையின் காலமும் போர்க்காலமே. வெண்பைப் போரில் பாண்டியர் பெரும் வெற்றி கண்டனர். கங்க நாட்டு அரசமகளைப் பாண்டியர் குடிக்கு மணம் பேசியது அதனோடு பிணைந்த நிகழ்ச்சி. மணவுறவும் அக்காலத்தில் படைக்கலங்களுள் ஒன்று. பல்லவனுக்கு மேற்கே கங்கன் இருக்கிறான்; கங்கனைத் தன் பக்கம் சேர்த்தால் பல்லவன் இருபுறமும் அஞ்சவேண்டும். பிற்கால அரசியலார் வல்லரசுகளின் சமநிலை என்று பெரும்பெயர் இட்டு வழங்கும் தந்திரம் இதுவே.

நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி வேள்விக்குடிச் செப்பேட்டால் தெரியவருகிறது. மன்னன் நகருலா வரும்போது ஓர் அந்தணர் முறையிடுகிறார். முதுகுடுமிப் பெருவழுதி தம் முன்னோர்க்கு அளித்த வேள்விக்குடி என்னும் ஊரைக் களப்பிரர் பறித்தனர் என்பது முறையீடு. மன்னன் சான்று கேட்கிறான், சான்று காட்டப்படுகிறது, ஊர் மீள்கிறது. அரசன் நீதியைப் புகழ எழுதப்பட்ட இச்செப்பேட்டில் நாம் காண்பது வேறொன்று. ஆட்சி மாறுந்தோறும் நிலவுரிமை மாறிற்று. போர் என்பது இரு மன்னரின் வழக்கு மட்டும் அன்று. எந்த ஊரின் விளைவு எவர் வீட்டுக்குப் போகும் என்பதன் தீர்ப்பும் அதுவே. (களப்பிரர் காலம் இருண்ட காலம் என்று ஒதுக்கும் வழக்கம் இத்தகைய செப்பேடுகளால் வளர்ந்தது. அக்காலத்தில்தான் கி.பி. 470இல் வச்சிரநந்தி ஆசிரியர் மதுரையில் திரமிள சங்கம் கண்டார் என்பதைத் தர்சனசாரம் கூறுகிறது. எவருடைய நிலம் பறிபோயிற்றோ அவருக்கு அது இருண்ட காலமே. பிறருக்கும் அவ்வாறே இருந்திருக்கவேண்டும் என்பதில்லை.)

எங்கெங்குப் போரிட்டான்

வேள்விக்குடிச் செப்பேடும், அவனது 17ஆம் ஆட்சியாண்டில் வெளிவந்த சீவரமங்கலச் செப்பேடும் போர்களை வரிசையாகப் பேசுகின்றன. காவிரியின் தென்பால் பெண்ணாகடத்தில் காடவனாகிய பல்லவனை வென்றான். நாட்டுக்குறும்பில் ஆய்வேளை ஓடச்செய்தான். காவிரியின் வடகரையில் ஆயிரவேலி, அயிரூர், புகழியூர் ஆகிய இடங்களில் தகடூர் அதிகமானை வென்றான். அதிகமானுக்குத் துணையாகப் பல்லவனும் சேரனும் வந்தனர். அவர்களும் பின்வாங்க நேர்ந்தது. பின்னர் மேலைக் கொங்கின் மன்னனை யானைகளுடன் பிடித்து மதுரையில் சிறைவைத்தான், கொங்குநாட்டைத் தன்னதாக்கிக்கொண்டான். தெற்கே கடலை அகழியாகக் கொண்ட விழிஞக் கோட்டையை அழித்து, வேணாட்டையும் அங்கிருந்த யானை, குதிரை, பெருநிதியம் ஆகியவற்றையும் கைக்கொண்டான். திருநெல்வேலிக்கு அண்மையில் களக்குடி நாட்டில் கரவந்தபுரம் என்னும் கோட்டையை ஆழ்ந்த அகழியுடன் எடுப்பித்தான். இன்றைய உக்கிரன்கோட்டையே அது.

இவ்விடங்களை நிலப்படத்தில் குறித்துப் பார்த்தால் அரசனின் வீரம் மறைந்து கருவூலம் தோன்றும். பாண்டிய நாட்டில் நம்பத்தக்க ஆறுகள் இரண்டு. வைகை பெரும்பாலான நாள்களில் மணலாறு. தாமிரபரணி ஒன்றே இரு பருவமழையும் பெற்று இருபோகம் விளைவிப்பது. ஆயின் அதன் பள்ளத்தாக்கு ஒடுங்கியது. இவ்விரண்டுக்கும் இடையில் பரந்து கிடப்பது வானம் பார்த்த நிலம். கொற்கை முத்தால் பொன் வரும்; ஆயின் முத்தைக் கொண்டு படைக்குச் சோறிட இயலாது. வடக்கே காவிரிப் படுகை நெற்களஞ்சியமாய் விரிந்து கிடந்தது. அதற்கு உரிய சோழர் அக்காலத்தில் சிறுகுடியாய் ஒடுங்கியிருந்தனர். காப்பவன் மெலிந்த களஞ்சியத்தின் இருபுறமும் வலியார் இருவர் நின்றால் விளைவு யாது? பெண்ணாகடப் போர் அதன் விடை.

கொங்குநாட்டின் மதிப்பு நெல்லால் வந்ததன்று. பாலக்காட்டுக் கணவாயின் வழியாக மேலைக் கடற்கரைப் பண்டங்கள் கருவூரை அடைந்து காவிரி வழியே கிழக்கே சென்றன. படியூர்ப் பச்சைக்கல் பழங்காலத்திலேயே கடல் கடந்து புகழ் பெற்றது. அவ்வழியை வைத்திருப்பவன் சுங்கத்தை வைத்திருப்பவன். அதிகமான் தனித்து நின்றிருந்தால் பல்லவனும் சேரனும் அவனுக்காக ஏன் படை அனுப்பவேண்டும்? அவன்பால் கொண்ட அன்பினால் அன்று. கொங்கு பாண்டியன் கைக்குப் போயின் சேரனுக்குக் கிழக்கு வாயில் அடைபடும். பல்லவனுக்கு மேற்கு வாயில் அடைபடும். ஒருவனது பேராசையும் மற்றிருவரது அச்சமும் சேர்ந்து நடுவிலிருந்த சிறு மன்னனைப் போர்க்களமாக்கின. பெரிய நாடுகளுக்கு இடைப்பட்ட சிறிய நாடு எக்காலத்திலும் எய்தும் நிலை இது.

விழிஞம் துறைமுகம். மலையிலிருந்து யானையும் மிளகும் இறங்கும் இடம். கடலிலிருந்து குதிரையும் அயல்நாட்டுப் பொருளும் ஏறும் இடம். யானைப்படையும் குதிரைப்படையும் உடைய மன்னனுக்கு அவ்விரண்டும் கிடைக்கும் வாயில் பிறனிடம் இருப்பது பொறுக்கவொண்ணாதது. ஆய்வேளிர் சிறியோர், ஆயின் அவர்களது துறை பெரியது.

வெற்றியின் கணக்கு

இவ்வாறு நோக்கின் வரகுணன் அறிவுடன் கணக்கிட்டுப் போரிட்டவன் என்றே தோன்றும். கணக்கின் மறுபக்கத்தையும் காண்போம். விழிஞத்தை அழித்த செய்தி 17ஆம் ஆண்டுச் செப்பேட்டில் உள்ளது. கழுகுமலையில் உள்ள கல்வெட்டு ஒன்றோ 23ஆம் ஆண்டில் மீண்டும் மலைநாட்டுப் போரைக் கூறுகிறது. சடையன் கருநந்தனின் அரிவியூர்க் கோட்டையை அழிக்கப் பாண்டியர் படை சென்றது. மூன்றாவது சான்று 27ஆம் ஆண்டுக்கு உரிய நடுகல். திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தில் உள்ளது. விழிஞக் கோட்டையைச் சேரர் படை தாக்கியபோது பாண்டியன் பக்கம் நின்று போரிட்டு இரணகீர்த்தி என்பான் மாண்டதை அக்கல் உரைக்கிறது. ஒருமுறை வென்றதாகப் பாடப்பெற்ற கோட்டைக்காகப் பத்தாண்டுகளாக உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. ஆய்வேளுடன் தொடங்கிய பகை சேரனுடன் பகையாக வளர்ந்ததும் அந்த வெற்றியின் பயனே. சிறியவனை வென்றதால் பெரியவன் அண்டைவீட்டானான்.

வணிகமாவது பாண்டியனுக்குக் கிட்டிற்றா? கி.பி. 825இல் கொல்லம் ஆண்டு தொடங்குகிறது. 849இல் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேட்டில் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் ஆகிய வணிகக் குழுக்கள் கொல்லத்தில் உரிமைகளுடன் விளங்குவதைக் காண்கிறோம். அச்செப்பேடு சேர மன்னன் தாணு இரவியின் ஆட்சியைக் குறிப்பது. துறைமுகத்தைப் பிடிக்கலாம், மரக்கலத்தைப் பிடித்துவைத்தல் அரிது. அச்சமுள்ள துறையை விட்டு வணிகன் அச்சமற்ற துறைக்குப் பாய் விரிப்பான்.

கழுகுமலைக் கல்வெட்டில் நாம் சற்றுத் தங்கவேண்டும். திருநெச்சுரம் என்னும் பழம்பெயர் பூண்ட அம்மலையில் தீர்த்தங்கரர் திருமேனிகளும் இயக்கியர் திருமேனிகளும் வரிசை வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன; எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளின் பணி அது. நெடுஞ்சடையன் தன்னைப் பரம வைணவன் என்று செப்பேட்டில் கூறிக்கொண்டவன். காஞ்சிவாயிற் பேரூரில் திருமாலுக்குக் குன்றனைய கோயில் எடுத்தவன். இளங்கோக்குடியில் சிவன் கோயிலுக்குக் காசளித்தவன். அவன் ஆட்சியில் கழுகுமலையில் நம் அறவோர் தங்கினர்; மக்கள் திருமேனிகளைச் செய்வித்தனர். அத்தகைய மலையில் அரிவியூர்ப் படையெடுப்பில் வீழ்ந்த வீரரைக் குறித்து நிலக்கொடை பதிவாகியுள்ளது. எறும்புக்கும் ஊறு நினையாத துறவியர் வாழ்ந்த பாறையில் போரில் மாண்டவர் நினைவு பொறிக்கப்பெற்றதை முரண் என்பார் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. மாண்ட மகனின் நினைவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஏங்கிய சுற்றத்தார்க்கு அம்மலையே தக்க இடமாகத் தோன்றியிருத்தல் வேண்டும். மன்னனது செப்பேட்டில் யானைகளுக்கு இடம் உண்டு, குதிரைகளுக்கு இடம் உண்டு. வீழ்ந்த காலாளுக்கு இடம் கிடைத்தது கழுகுமலைப் பாறையில்.

இனி, 290 காசுக்கு வருவோம். அது கருவூலத்திலிருந்து வந்ததா, கொள்ளையில் வந்ததா என்பதைக் கல்வெட்டு கூறாது. எந்தக் கல்வெட்டும் கூறுவதில்லை. ஆயினும் பாசறையில் இருந்து காசு தென்திசை சென்றது என்பது உறுதி. போரில் வரும் பொருளின் இயல்பை ஓர்தல் வேண்டும். வரியாக வரும் நெல் ஆண்டுதோறும் வரும். கொள்ளைப் பொருள் ஒருமுறையே வரும். யானைக்குத் தீனி நாள்தோறும் வேண்டும். போர் முடிந்தும் வேண்டும். எனவே கொள்ளையால் வளர்த்த படைக்கு அடுத்த கொள்ளை தேவைப்படும். படை இருப்பதால் போர் நேரும்; போர் நேர்வதால் படை வளரும். சார்லிமேனும் 796ஐ ஒட்டி அவார் மக்களின் பெருநிதியைக் கவர்ந்து மாதாகோயில்களுக்கும் தன் வீரர்களுக்கும் பங்கிட்டான். அந்நிதி தீர்ந்ததும் அவன் வழியினர் பங்கிட ஒன்றுமின்றித் தமக்குள் போரிட்டனர்.

வரகுணன் செய்தது அதனினும் நுட்பமானது. ஒருமுறை வந்த காசை ஊர்ச்சபையில் வைத்து என்றும் வரும் நெல்லாக மாற்றினான். கோயில் வாழ்ந்தது, மன்னன் பெயர் நின்றது, சபையின் கையில் முதல் சேர்ந்தது. தாமிரபரணிக் கால்வாய்களைப் பேணுவதற்கும் உழவர்க்குக் கடன் தருவதற்கும் அத்தகைய முதல் உதவியிருக்கும். அவ்வளவில் அது நற்செயலே. ஆனால் 580 கலம் நெல்லை நாள்தோறும் என்று பிரித்தால் ஒன்றரைக் கலத்துக்குச் சற்று மிகுதி. மழை பொய்த்த ஆண்டிலும் ஆற்றில் வெள்ளம் கரைபுரண்ட ஆண்டிலும் இந்நெல் அளந்தே தீரவேண்டும். அளப்பவன் உழவன். அவன் பெண்ணைக் கரையைக் கண்டவனும் அல்லன், காடவனைப் பகைத்தவனும் அல்லன். பெண்ணைக் கரையில் அக்காலத்தில் வாழ்ந்த உழவர் நிலையை எண்ணுக: அவர்களது வயலில் யானைகள் நின்றன. அரசூர் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் விழுப்புரம் பகுதியில் வழங்குகிறது. நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அது பேருந்து நிற்கும் ஓர் ஊர், அவ்வளவே.

இதே இரண்டு கலம் வீதம் பேரன் காலத்தில் திருச்செந்தூர்க் கோயிலுக்கு 1400 காசு வைக்கப்பெற்றது. ஊர்கள் பல அதனை ஏற்றுப் பொலிசை அளந்தன. 290 என்பது 1400 ஆயிற்று, போர்கள் குறைந்தபாடில்லை.

வட ஆசிரியராகிய கௌடலியரை இரக்கமற்ற அரசியலார் என்பர். அவரே, போராலும் சமாதானத்தாலும் கிட்டும் பயன் ஒத்ததாயின் சமாதானத்தையே கொள்ளவேண்டும், போரில் அழிவும் செலவும் அயல்வாழ்வும் உண்டு என்று கணக்குக் காட்டினார். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த நம் சோமதேவ சூரியும் நீதிவாக்கியாமிருதத்தில் அறிவால் முடியும் செயலுக்குப் படைக்கலம் எடுப்பதைக் கடிந்தார். திருக்குறளில் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரம் ஊதியத்தை நாடி முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் தொடங்கார் என்று வணிகன் மொழியிலேயே மன்னனுக்கு அறிவுறுத்துகிறது. 1910இல் நார்மன் ஏஞ்சல் என்னும் ஆங்கிலேயர், வணிகத்தால் பிணைந்த நாடுகளுள் வென்ற நாடும் தோற்ற நாட்டைப் போலவே இழப்பு எய்தும் என்று நூல் எழுதி உலகப்புகழ் பெற்றார். நான்கே ஆண்டுகளில் முதல் உலகப்போர் மூண்டது. அவர் கணக்குப் பிழையன்று. கணக்கைப் பார்ப்பவனும் போரை முடிவு செய்பவனும் ஒருவனாக இல்லை என்பதே குறை. வரகுணன் காலத்திலும் அதுவே. வெற்றியின் ஊதியம் மன்னனுக்கும் படைத்தலைவர்க்கும் கொடை பெறுவோர்க்கும் சென்றது. செலவு பெயரற்ற பலர்மேல் விழுந்தது. பரதனும் பாகுபலியும் எதிர்நின்றபோது அமைச்சர் இடைபுகுந்து, படைகள் மடியவேண்டா, இருவரும் கண்ணோக்கிலும் நீரிலும் மல்லிலும் தாமே பொருதுக என்றனர் என ஆதிபுராணம் கூறும். செலவை முடிவு செய்பவன்மேலேயே ஏற்றும் வழி அது. பாண்டிய அமைச்சர் எவரும் அவ்வாறு கூறியதாகச் செப்பேடுகளில் இல்லை.

அமைச்சரைக் குறித்தும் ஒரு சொல். கரவந்தபுரத்து வைத்தியர் குடியில் பிறந்த மாறன்காரி தந்தை காலத்து வெண்பைப் போரிலேயே புகழ் பெற்றவன். இம்மன்னனுக்கு உத்தரமந்திரியாய் விளங்கினான். மதுரைக்கு அண்மையிலுள்ள ஆனைமலையில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்தான், கி.பி. 770இல் நீர்த்தெளிப்பதற்கு முன்பே மறைந்தான். தம்பி மாறன்எயினன் உத்தரமந்திரியாகி அப்பணியை முற்றுவித்தான். அதே மலையின் மற்றொரு பாறையில் பின்னாளில் அச்சணந்தி அடிகள் செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனிகள் உள்ளன. மருத்துவர் குடியினர் படைநடத்தியதும் பெருமாள் கோயிலும் அருகர் திருமேனியும் ஒரே மலையைப் பகிர்ந்ததும் அக்காலத்தின் இயல்பு. சமயத்தின் பெயரால் மூண்ட போர் ஒன்றும் வரகுணனின் பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்தல் வேண்டும்.

வழியினர்

கி.பி. 815ஐ ஒட்டி அவன் காலம் முடிந்தது. மகன் சீமாறன் சீவல்லபன் பட்டமெய்தினான். இவன் காலத்தில்தான் மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் சித்தன்னவாசல் அறிவர் கோயிலைப் புதுக்கி முகமண்டபம் எடுத்தார். மகன் தந்தையின் போர்களையும் மரபுரிமையாகப் பெற்றான். இலங்கையில் முதலாம் சேனன் ஆண்டபோது படையெடுத்து, அரண்மனைக் கருவூலத்தையும் விகாரைகளின் பொற்படிமங்களையும் கவர்ந்தான். வடக்கே தெள்ளாற்றில் பல்லவன் மூன்றாம் நந்திவர்மனிடம் தோற்றான், குடமூக்கில் வென்றான், அரிசிலாற்றங்கரையில் நிருபதுங்கனிடம் மீண்டும் தோற்றான். 862ஐ ஒட்டி இரண்டாம் சேனனின் இலங்கைப் படை மதுரையை முற்றியது. கவர்ந்த பொருளெல்லாம் இலங்கைக்கே திரும்பிற்று என்று சூளவம்சம் கூறுகிறது. சீமாறன் புண்பட்டு மாண்டான்.

பின்பு ஆண்டவன் பேரன் வரகுணன். அவனது எட்டாம் ஆட்சியாண்டு, சகம் 792, அதாவது கி.பி. 870, ஐவர்மலைக் கல்வெட்டால் உறுதிப்படுகிறது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் அங்குப் பார்சுவ பட்டாரர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுக்கி, அமுதுக்கும் அடிகள் ஒருவர் உணவுக்கும் 505 காணம் பொன் வைத்தார். பாண்டியர் கால வரிசைக்கே அடித்தளமான ஆண்டுக்குறிப்பை நமக்கு அளித்தது ஒரு சமணக் குரவரின் திருப்பணி என்பதை வரலாற்று மாணவர் நினைவிற் கொள்ளல் நன்று.

பாட்டன் பெண்ணாகடத்தில் தொடங்கிய காவிரி வழக்கைப் பேரன் திருப்புறம்பியத்தில் முடிக்க முயன்றான். 880க்கும் 885க்கும் இடையில் நிகழ்ந்த அப்போரில் பல்லவன் அபராசிதனுக்காகப் போரிட்ட கங்கன் பிரிதிவிபதி களத்தில் மாண்டான்; ஆயினும் பாண்டியன் தோற்றான். பல்லவன் வென்றான் என்று கூறுவது வழக்கம். உண்மையில் வென்றவன், பல்லவனுக்குத் துணையாக வந்த ஆதித்த சோழன். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அபராசிதனையே கொன்று தொண்டைநாட்டையும் அவன் தனதாக்கினான். நூறாண்டுக்கு மேலாக இரு வல்லரசுகள் எந்தக் களஞ்சியத்துக்காகப் பொருதனவோ, அது பழைய உரியவன் வீட்டுக்கே போயிற்று. 920ஐ ஒட்டிப் பாண்டியன் இராசசிம்மன் முடியையும் அணிகலன்களையும் இலங்கையில் வைத்துவிட்டுத் தாயின் ஊராகிய சேரநாட்டுக்கு ஓடினான்.

தெற்கே ஆய்நாட்டில் வரகுணன் பெயர் மட்டும் நிலைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட ஆய்மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் என்றே பெயர் பூண்டான். வென்றவன் பெயரைத் தோற்ற குடி சுமந்தது. அவனது 28ஆம் ஆண்டில் சிதறால் மலையில் அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கியார் குணந்தாங்கிக் குரத்தியார் பகவதிக்குப் பொன்னணி அளித்த செய்தி அங்குள்ள கல்வெட்டில் உள்ளது.

அம்பாசமுத்திரத்துக்குச் செல்வோர் எரிச்சாவுடையார் கோயிலைக் கண்டபின் அண்மையிலுள்ள மன்னார்கோயிலுக்கும் செல்லலாம். அதுவும் பழைய முள்ளிநாடே. அங்குள்ள பெருமாள் கோயில் பதினோராம் நூற்றாண்டினது. கட்டியவன் இராசசிம்மன் என்னும் சேர மன்னன். கட்டிய காலம் சோழபாண்டியர் என்னும் சோழப் பிரதிநிதிகள் பாண்டிய நாட்டை ஆண்ட காலம். கோயிலுக்கு இட்ட பெயர் இராசேந்திரசோழ விண்ணகர்.